7 பேர்ச்சஸ் காணியில் கும்புக் நடலாமா?

கேள்வி, 2024 பெப்ரவரி 11

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். லயத்து வரிசை வீட்டை விட்டு இப்போதுதான் தனிவீட்டுக்கு வந்தோம். 7 பேர்ச்சஸ் காணி. வீட்டுக்குப் பின்னால் மண் வெட்டி எடுத்த இடத்தில் வருசம் முழுக்க ஈரம், மழை நாளில் குட்டை. நாட்டுப் பக்கத்து ஆள் ஒருவர் சொன்னார், ஆற்றங்கரையில் நிற்குமே கும்புக் மரம், அதன் கன்று ஒன்றை வைத்தால் அந்தத் தண்ணீரை எல்லாம் குடித்துவிடும், மிச்சத் தண்ணீரையும் சுத்தமாக்கும், பட்டை நெஞ்சு வருத்தத்துக்கு மருந்து என்று. வைக்கலாமா அண்ணே? யாராவது வைத்திருக்கிறீர்களா?

2024 பெப்ரவரி 11, இரவு

வேண்டாம் தம்பி.

7 பேர்ச்சஸ் என்றால் ஏறக்குறைய 177 சதுர மீட்டர். அதற்குள் வீடு, கக்கூசுக் குழி, கோழிக்கூடு, நாலு பாத்தி லீக்ஸ். கும்புக் நன்றாக வந்தால் 25 மீட்டர் உயரம் போகும், அடிமரம் பலகை பலகையாகப் புடைத்து நிற்கும். உங்கள் வீட்டில் மரம் இருக்காது, மரத்தடியில் உங்கள் வீடு இருக்கும்.

2024 பெப்ரவரி 12

நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் வெடுக்கென்று எழுதிவிட்டேன். நான் இருப்பது பதுளைக்குக் கீழே, பதுளு ஓயா ஓரம். அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளை, ஓய்வுக்குப் பிறகு வாங்கிய காணி ஆற்றில் போய் முடிகிறது. முடிகிற இடத்தில் ஒரு பெரிய கும்புக் நிற்கிறது. நாங்கள் வருவதற்கு முன்பே அது பெரிய மரம். மூன்று பேர் கைகோர்த்தால்தான் கட்டிப்பிடிக்கலாம். வருசா வருசம் தோலை உரித்துப் போட்டுவிட்டு வெளுத்துப்போய் நிற்கும், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. ராத்திரியில் டோர்ச் அடித்தால் ஆள் நிற்பது போலத் தெரியும். சின்ன வயதில் அந்தப் பக்கம் போகவே மாட்டேன்.

அதன் விதையில் இருந்துதான் என் மரங்கள். காய் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, நட்சத்திரப்பழம் போல ஐந்து இறக்கை, ஆனால் கட்டை போலக் காய்ந்திருக்கும். வெறுங்காலில் மிதித்தால் தெரியும். 2016இல் 40 காய் பொறுக்கி, இரண்டு நாள் வாளியில் ஊறவைத்து, ஆற்று மணலும் சாணியும் கலந்த பொலித்தீன் பையில் போட்டேன். ஒரு மாதம் ஒன்றுமே இல்லை. ஏமாந்துவிட்டோம் என்று பைகளைக் கொட்டப் போன நேரத்தில், ஏழாவது வாரம், ஒன்று தலை காட்டியது. கடைசியில் 11 முளைத்தது.

உரம் எதுவும் போடவில்லை. 2017 ஒக்டோபரில், ஊவா மழை தொடங்கும்போது, கரையில் வைத்தேன். முதல் இரண்டு வருசம் புல்லோடுதான் சண்டை. புல்லை விட்டால் மாடு. மூங்கில் கூடு கட்டினால் அந்த மூங்கிலை யாராவது அடுப்புக்குக் கொண்டுபோவார்கள்.

2024 பெப்ரவரி 12, பிந்திய சேர்க்கை

வீட்டில் வாசித்துவிட்டுத் திருத்தச் சொல்கிறார்கள். முளைத்தது 9. மற்ற இரண்டும் பையில் தானாக வந்த களை, நான் மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்தேனாம்.

2024 பெப்ரவரி 15

விதை ஏன், நேசரியில் கன்று வாங்கலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வாங்கினேன் ஐயா, அது ஒரு கதை.

2014. விதைக்கும் முன்னால். ஒரு நேசரியில் போய் ‘மருதுக் கன்று இருக்கா’ என்றேன். நம் ஆட்களில் படித்தவர்கள் கும்புக்கை மருது என்பார்கள், நானும் பெரிய மனிதனாகத் தமிழில் கேட்டேன். கன்று கொடுத்தவர் சிங்களக்காரர், அவருக்குக் காதில் விழுந்தது ‘முருத்த’. தலையாட்டினார், நானும் தலையாட்டினேன். 250 ரூபாய். ஐந்து வருசம் கும்புக் என்று ஊருக்கெல்லாம் காட்டினேன். 2019 மே மாதம் ஒரு காலையில் மரம் முழுக்க ஊதாப் பூ! கும்புக்குக்கு ஊதாப் பூ ஏது? அது பொடிப் பொடியாக, வெளிறிய மஞ்சளில், கதிர் மாதிரி பூக்கும். நின்று பார்க்க வேண்டிய பூவே இல்லை.

வந்தது பூமருது, சிங்களத்தில் முருத்த. கோயில் பக்கமும் ரோட்டோரமும் அழகுக்கு வைப்பார்களே, அது. கெட்ட மரம் இல்லை. அதுவும் ஆற்றோரத்து மரம்தான், பலகையும் நல்ல பலகை. ஆனால் நான் கேட்டது அது இல்லை.

பூ வரும்வரை காத்திருக்காமல் கண்டுபிடிக்க ஒரு வழி. கும்புக் இலையைத் திருப்பிக் காம்பும் இலையும் சேரும் இடத்தைப் பாருங்கள், இரண்டு சின்ன மரு போல இருக்கும். பூமருதில் அது கிடையாது. காயில் குழப்பமே இல்லை, பூமருதின் காய் உருண்டை, காய்ந்தால் வெடித்து இறக்கை வைத்த சின்ன விதை பறக்கும்.

2024 பெப்ரவரி 17

டீச்சர் ஒருவர் கேட்டிருக்கிறார், அப்படியென்றால் மருதத் திணைக்குப் பெயர் கொடுத்த மருது எது என்று. அம்மா, இது பெரிய சண்டை. சங்கப் பாட்டில் மருதின் பூ சிவந்த பூவாக வருகிறது. கும்புக்கின் பூவைச் சிவப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்தக் கணக்கில் பூமருதுதான் என்று ஒரு கட்சி. இரண்டும் தண்ணீர்க்கரை மரம், இரண்டுக்கும் மருது என்று பெயர். நானும் அந்தப் பூமருதுக் கட்சி. காரணம் இலக்கியம் இல்லை, 250 ரூபாய். நேசரிக்காரர் கொடுத்தது திணை மருது என்றால் நான் ஏமாறவில்லை பாருங்கள்.

சிங்களத்தில் இந்தத் தொல்லையே இல்லை. கும்புக் கும்புக்தான், முருத்த முருத்ததான். ஆற்றுக்கே அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள், குமனைப் பக்கம் கடலில் சேருகிற கும்புக்கன் ஓயா. கேள்வி கேட்ட தம்பி கும்புக் என்றே எழுதியது நல்லது. நேசரியிலும் அப்படியே கேளுங்கள்.

2024 பெப்ரவரி 18

கேட்காதீர்கள். நடவே வேண்டாம் என்றல்லவா சொன்னேன்.

2024 மார்ச் 3

தண்ணீரைச் சுத்தமாக்கும் என்ற கதைக்கு வருகிறேன். இதை எங்கள் ஊரிலும் சொல்வார்கள், குளக்கரை, கிணற்றடி எல்லாம் அதற்காகத்தான் இந்த மரம் என்று. நம்பிக்கையை விட்டுத் தள்ளி இரண்டு வாளி வைத்துப் பார்த்தேன். ஆற்றுக் கலங்கல் தண்ணீர் இரண்டிலும். ஒன்றில் கும்புக் பட்டை இரண்டு துண்டு. மறுநாள் காலையில் பட்டை போடாத வாளி தெளிந்திருந்தது, மண் அடியில். பட்டை போட்ட வாளி சீனி போடாத தேத்தண்ணி. கறை பிடிக்கிற சத்து அந்தப் பட்டையில் அவ்வளவு. தோல் பதனிட இந்தப் பட்டையை எடுப்பார்கள் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கலங்கலைத் தெளிய வைப்பது தேற்றாங்கொட்டை. குடத்தின் உள்பக்கத்தில் அதை உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் மண் திரண்டு கீழே போகும். கிணற்றுக்குள் நெல்லிக்கட்டை போடும் வழக்கமும் உண்டு. கும்புக் செய்வது வேறு வேலை. வேர் கரையைப் பிடித்துக்கொள்வதால் கரைமண் தண்ணீருக்குள் விழாது, நிழல் விழுவதால் தண்ணீர் குளிர்ந்து கிடக்கும். அதைப் பார்த்துத்தான் சுத்தம் என்று சொல்லியிருப்பார்கள். பொய் என்று சொல்லமாட்டேன், வாளியில் செய்து காட்ட முடியாது, அவ்வளவுதான்.

2024 மார்ச் 9

‘உங்கள் வாளிப் பரிசோதனையில் பட்டை காய்ந்ததா பச்சையா’ என்று கேட்டவருக்கு: பச்சை. காய்ந்ததையும் போட்டுப் பாருங்கள், தேத்தண்ணி இன்னும் சாயமாக வரும்.

2024 ஏப்ரல் 21

பட்டை. இதில் நான் கொஞ்சம் சூடாக எழுதப் போகிறேன்.

மருதம்பட்டைக் கஷாயம் நெஞ்சு வருத்தத்துக்கு என்பது சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் பழைய கதை. தெரிந்த வைத்தியரிடம் போய்க் குடிப்பவரிடம் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எங்கள் அப்பா பிரசர் குளிசையை அலமாரியில் ஒளித்துவைத்துவிட்டு மூன்று மாதம் இதைக் குடித்தார். கிளினிக் நாளன்று தாதி அளந்துவிட்டு இரண்டாவது தடவையும் அளந்தார். அன்றைக்கே படுக்க வைத்தார்கள். குளிசையை நிறுத்தாதீர்கள். கஷாயம் குடிப்பதாக இருந்தால் டொக்டரிடம் வாயைத் திறந்து சொல்லிவிட்டுக் குடியுங்கள், இரண்டும் சேர்ந்து பிரசரை இறக்கினாலும் ஆபத்துதான்.

அடுத்தது மரத்தின் வருத்தம். பாலத்துக்கு அந்தப் பக்கம் நல்ல மரம் ஒன்று நின்றது. நெஞ்சு வருத்தத்துக்குக் கும்புக் என்று போனில் ஏதோ ஒரு வீடியோ சுற்றியது, ஆளுக்கு ஆள் கத்தியோடு வந்தார்கள். சுற்றிவர, கட்டைவரைக்கும் உரித்தார்கள். மரம் மேலேயிருந்து காய்ந்தது. எடுக்க வேண்டுமென்றால் ஒரு பக்கத்தில் மட்டும், நீளவாக்கில், கையகலம். உள்பட்டையை மரத்திலேயே விட்டுவிட வேண்டும். அப்படி விட்டால் திரும்ப வளரும். அடுத்த முறை வேறு பக்கம். இதற்கும் பொறுமை இல்லை என்றால் நாட்டு மருந்துக் கடையில் வாங்குங்கள்.

2024 ஏப்ரல் 22

வெற்றிலை போடுகிற கிழவர்கள் யாராவது இங்கே இருந்தால்: இந்தப் பட்டையை எரித்த சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம், முன்பு சுண்ணாம்புக்குப் பதிலாகவே வெற்றிலையில் வைத்து மென்றிருக்கிறார்கள். அப்பாயி சொல்லி நானும் எரித்துப் பார்த்தேன். அளவு சொல்ல மறந்துவிட்டார். நாக்கு இரண்டு நாள் சொரசொரவென்று கிடந்தது, சோற்றில் உப்புத் தெரியவில்லை. அப்பாயி சிரித்த சிரிப்பில் வாயில் இருந்த வெற்றிலை வெளியே வந்துவிட்டது.

2024 ஜூலை 7

தம்பி திரும்பவும் எழுதியிருக்கிறார். பெரிய மரமாக விடமாட்டேன், தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவது போல வருசா வருசம் வெட்டிக் குட்டையாக வைத்துக்கொள்கிறேன் என்கிறார். கெட்டிக்காரத்தனமான யோசனை. கும்புக் வெட்ட வெட்டத் துளிர்க்கும், அதில் பிழை இல்லை. கிழக்கு, மத்திய இந்தியாவில் டசர் பட்டுப்புழுவுக்கு இதன் இலையைத்தான் போடுகிறார்கள், அங்கே அப்படித்தான் வெட்டிப் பதிவாக வைத்திருப்பார்கள். ஆனால் மேலே வெட்டலாம், கீழே வேருக்கு யார் கவ்வாத்து வெட்டுவது? ஈரத்தைத் தேடிப் போகிற வேர் உங்கள் கக்கூசுக் குழியைக் கண்டுபிடித்தால் விடுமா?

இன்னொன்று, முதல் நாளே எழுதியிருக்க வேண்டியது. முளைத்த ஒன்பதில் இரண்டை 2018இல் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்தேன். அவளும் தலவாக்கலைதான், உங்கள் பக்கம். எங்கள் இடம் கடல்மட்டத்தில் இருந்து 680 மீட்டர் அளவில், அவளுடையது 1200. ஆறு வருசத்தில் என் கரை மரங்கள் வீட்டுக் கூரையைத் தாண்டிவிட்டன. அவளுடையது இடுப்புக்கு வரவில்லை. சாகவும் இல்லை. குளிர் மாதத்தில் இலை செம்பாகிக் கொட்டும், மார்ச்சில் நாலு இலை விடும், ஆனியில் அந்த ஓயாத தூறலில் புள்ளி விழுந்து அதுவும் கொட்டும். மச்சான் அதற்கு ‘பென்சன்காரர்’ என்று பெயர் வைத்திருக்கிறார், வேலை இல்லை, ஆனால் இருக்கிறார்.

இது சூட்டுப் பக்கத்து ஆற்றின் மரம். மகியங்கனைக்கு இறங்கிப் பாருங்கள், மகாவலிக் கரையில் எப்படி நிற்கிறது என்று. கண்டிப் பக்கத்தில் தெல்தெனியப் பழைய டவுனே விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போனது, 1985இல் அணை முடிந்தபோது. அந்தக் கரையில் நின்ற மரங்களும் டவுனோடு சேர்ந்து போயின. வெள்ளம் வந்து போனால் தாங்குகிற மரம், வந்த வெள்ளம் போகாமலே இருந்தால் என்ன செய்யும்.

2024 ஒக்டோபர் 13

சின்ன விசயம். விதை சேகரிக்கப் பெரிய மரத்தடிக்குப் போகிறவர்கள் முதலில் மேலே பாருங்கள். இன்று எங்கள் மரத்தின் உச்சிக் கொப்பில் குளவிக்கூடு, பெரிய சுளகு அளவு. தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. கொழுந்து எடுக்கிற பெண்கள் எத்தனை பேர் கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று பேப்பரில் பார்க்கிறோம், உயிர் போனதும் உண்டு. புகை போட்டுக் கலைக்கப் போக வேண்டாம். நான் சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டேன்.

2025 டிசம்பர் 9

லைட் வந்தது நேற்று. போன் சிக்னல் அதற்கு முந்திய நாள். நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாங்கள் மேட்டில் இருந்த கோயிலில். வீடு இருக்கிறது, தண்ணீர் முன்படி வரை வந்து நின்றது. பதுளை, நுவரெலியா, கண்டி எல்லாப் பக்கமும் சரிவு. சொந்தக்காரர் யார் எங்கே என்று விசாரித்து முடியவே ஒரு கிழமை போனது. தங்கச்சி குடும்பம் நலம்.

மரங்களைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார், அதனால் எழுதுகிறேன். கரையில் வைத்த ஐந்தில் மூன்று இருக்கிறது. இரண்டு வேரோடு போய்விட்டன, அவை நின்ற கரையும் இல்லை. இருக்கிற மூன்றும் ஆற்றுப் போக்கில் சாய்ந்து, கொப்பு முழுக்க உரப்பை, சேலைத்துண்டு, யாரோ வீட்டுக் கூரைத்தகடு. பழைய பெரிய மரம் அசையவில்லை. ஆனால் ஆறு அதற்குப் பின்னால் அறுத்துக்கொண்டு போய்விட்டது. நான் பிறந்ததில் இருந்து கரையில் நின்ற மரம், இப்போது ஆற்றுக்கு நடுவில் நிற்கிறது. அடியில் ஒரு பிடி மண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் காணியில் மூன்று பேர்ச்சஸ் அளவு அந்தப் பக்கம்.

2025 டிசம்பர் 10

ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்த இழையை மேலிருந்து திரும்ப வாசித்தேன்.

தம்பி, நீங்கள் முதல் நாள் எழுதியது: ‘வீட்டுக்குப் பின்னால் மண் வெட்டி எடுத்த இடத்தில் வருசம் முழுக்க ஈரம்.’ நான் 177 சதுர மீட்டர் கணக்குப் போட்டேன், பூமருதுக் கதை சொன்னேன், திணைச் சண்டை பிடித்தேன். மலைச்சரிவை வெட்டி வீடு கட்டியிருக்கிறது, வெட்டின இடத்தில் தண்ணீர் கசிகிறது. இதைக் கேட்டதும் ஒரு கணக்கப்பிள்ளை மகனுக்கு வேறு ஞாபகம் வந்திருக்க வேண்டும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியபோது நான் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தவன். எனக்கு வரவில்லை. கும்புக்கைப் பற்றிக் கதைக்கிற ஆசையில் இருந்தேன்.

அதனால் இப்போது எழுதுகிறேன், பிந்தினாலும். அந்த ஈரம் மரம் வைத்து வற்றவைக்கிற ஈரம் இல்லை. புதிதாக ஊற்று கிளம்பினாலும், இருந்த ஊற்று திடீரென்று கலங்கினாலும், நின்றாலும், சுவரிலோ நிலத்திலோ வெடிப்பு அகன்றாலும், நேராக நின்ற மரம் சாய்ந்தாலும், கதவு சட்டத்தில் இறுகினாலும் அங்கே இருக்க வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை விடும், பிரதேச செயலகம் மூலம் இடத்தைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். கிராம சேவகரிடம் எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து வருகிற தண்ணீர் சரிவுக்குள் இறங்காமல் வடிகான் வெட்டிப் பக்கவாட்டில் எடுத்துவிடுவதுதான் முதல் வேலை.

மரம் சரிவைப் பிடித்துக்கொள்ளும் என்று ஆறுதலுக்கும் நம்பாதீர்கள். ஆற்றங்கரையில் மேல்மண்ணை வேர் பிடிக்கும். அதற்கும் ஒரு அளவு உண்டு, மேலே எழுதிய இரண்டு மரத்தைப் பாருங்கள். மலை ஆழத்தில் இருந்து நழுவும்போது மரம் மண்ணோடு சேர்ந்துதான் வருகிறது.

எங்கே இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

2025 டிசம்பர் 10, காலை

பதில் இல்லை. சிக்னல் இல்லாமல் இருக்கலாம். தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன், அவள் பக்கத்துத் தோட்டங்களில் விசாரிப்பாள். பெயர் தெரியாது, கும்புக் வைக்கக் கேட்ட தம்பி என்று மட்டும் சொன்னேன். அண்ணனுக்குப் பைத்தியம் என்று திட்டிவிட்டுச் சரி என்றாள்.

2025 டிசம்பர் 16

எழுதிவிட்டார். ஸ்கூலில் இருக்கிறார்கள், ஐந்து பேரும். பின்சுவர் வரைக்கும் மண் வந்து நிற்கிறதாம், குசினி இல்லை. எழும்பி வந்தது நவம்பர் 27ஆம் திகதி பின்னேரம், குட்டைத் தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறியதை அவர் அம்மா பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார். நான் எழுதியதை வாசித்து இல்லை. என் எழுத்து அதற்குப் பிறகுதான்.

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

2026 ஜனவரி 25

காணி அளக்க ஆட்கள் வந்தார்கள். ஆற்றுக்குள் போனது போனதுதான் என்றார்கள். சரி. ஆற்று மரத்தின் காணி ஆற்றுக்கே போனது.

பூமருது ஒரு இலைகூடக் கிழியாமல் நிற்கிறது. மேட்டில் வைத்ததால் வெள்ளம் அதைத் தொடவே இல்லை. 250 ரூபாய்க்கு நல்ல சரக்கு என்று வீட்டில் இப்போது சொல்கிறார்கள்.

2026 பெப்ரவரி 22

நடு ஆற்றில் நிற்கிற கிழவர் காய்த்திருக்கிறார். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருக்கிறது, பையனைக் கூட்டிக்கொண்டு நடந்து போய்ப் பொறுக்கினோம். பாதி ஆற்றோடு போய்விட்டது, இறக்கையோடு மிதந்து. 30 காய் வாளியில் ஊறுகிறது.

புது வீட்டுக்கு இடம் பார்க்கும்போது சமதரையா என்று பாருங்கள் என்று தம்பிக்கு எழுதினேன். பார்க்கிறோம் என்றார். கிடைத்தால் இரண்டு கன்று வேண்டுமாம். என்ன கன்று என்று கேட்டேன். பூக்கிறது ஏதாவது, அம்மாவுக்கு, என்றார். பூமருதுக் காய் இந்த வருசம் வெடிக்காமல் கொஞ்சம் மரத்தில் கிடக்கிறது, நாளைக்கு ஏணி வைத்துப் பறிக்க வேண்டும்.